ஆயில் லெவல் பார்ப்பது எப்படி: நிமிர்த்தியா சாய்த்தா, சூட்டிலா குளிர்ந்த பிறகா?

ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே ஆயில், ஒரே நாள். காலையில் சைடு ஸ்டாண்டில் நின்றபடியே ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தேன்: கீழ்க்கோட்டுக்கும் கீழே. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் பார்த்தேன்: மேல்கோட்டை ஒட்டி. அதே நிலையில் குச்சியை மரை முழுக்கத் திருகி இறக்கி எடுத்தேன்: மேல்கோட்டைத் தாண்டி ஒரு நக அகலம் மேலே. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை அணைத்த கையோடு பார்த்தேன்: கீழ்க்கோட்டுக்குச் சற்றே மேலே.

நான்கு முறை பார்த்தேன், நான்கு விடை கிடைத்தது. நடுவில் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. முதல் விடையை நம்பியிருந்தால் ஆயில் வாங்க ஓடியிருப்பேன். மூன்றாவதை நம்பியிருந்தால் டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் இறக்கியிருப்பேன். இரண்டுமே வண்டிக்குக் கெடுதல்தான்.

ஆயில் லெவல் பார்ப்பதை எல்லோரும் சின்ன வேலை என்று நினைக்கிறோம். குச்சியை எடு, துடை, விடு, பார். ஆனால் குச்சியில் இருக்கும் கோடு தானாக எதையும் சொல்வதில்லை. வண்டியை ஒரு குறிப்பிட்ட நிலையில் நிறுத்தி, என்ஜினை ஒரு குறிப்பிட்ட சூட்டில் வைத்து, இத்தனை நிமிடம் காத்திருந்து பார்த்தால் ஆயில் இங்கே நிற்கும் என்று தயாரிப்பாளர் வரைந்த கோடு அது. அந்த நிலையை நாம் மாற்றினால் கோட்டின் பொருளும் மாறிவிடும். எனவே ‘எந்த முறை சரி’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘என் வண்டியின் கோடு எந்த முறைக்காக வரையப்பட்டது’ என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. ஒவ்வொரு தேர்வாக எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். கார் என்ஜினில் பொதுவாக நான்கு லிட்டர் அளவுக்கு ஆயில் இருக்கும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் நிலைமை வேறு. பிஸ்டன், கேம் ஆகியவற்றுக்கும் கிளட்ச்சுக்கும் கியர்களுக்கும் சேர்த்து ஒரே ஆயில்தான். சின்ன ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் அது மொத்தமே சுமார் ஒரு லிட்டர். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. காரில் அதே 200 மில்லி குறைந்தால் இருபதில் ஒரு பங்குதான். அதனால்தான் காரில் மன்னிக்கப்படும் அளவுப் பிழை வண்டியில் மன்னிக்கப்படுவதில்லை. மேலும் சின்ன வண்டிகள் பலவற்றில் ஆயில் விளக்கே கிடையாது. விளக்கு இருக்கும் வண்டிகளிலும் அது பெரும்பாலும் அழுத்தம் விழுந்ததைத்தான் சொல்லும், அளவு குறைந்ததை அல்ல. அழுத்தம் விழுந்து விளக்கு எரியும் நேரத்தில் கேமும் ராக்கரும் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும்.

சைடு ஸ்டாண்டா, நிமிர்த்தியா?

மிக அதிகமான பிழை வருவது இங்கேதான், எனவே இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம்.

சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். குச்சி இறங்கும் துளை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கமாக 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி சாய்ந்தாலும் ஆயிலின் மேல்மட்டம் பூமிக்குச் சமமாகவே நிற்கும். அப்படியானால் துளைக்கு நேர் கீழே ஆயில், நிமிர்ந்திருக்கும்போது இருப்பதைவிட சுமார் 1.75 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். உங்கள் குச்சியை எடுத்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பல வண்டிகளில் அது இந்த 1.75 சென்டிமீட்டரைவிடக் குறைவாகவே இருக்கும். அதாவது மேல்கோடு வரை நிறைந்த என்ஜின்கூடச் சாய்ந்து நின்றால் ‘ஆயில் இல்லை’ என்று காட்டிவிடும்.

நான் இதில் மாட்டியிருக்கிறேன். முதல் வண்டி வாங்கிய புதிதில், சைடு ஸ்டாண்டிலேயே பார்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் குச்சி குறைவாகக் காட்டக் காட்ட ஊற்றிக்கொண்டே வந்தேன். சில மாதங்களில் வண்டி இழுக்கத் திணறியது. சைலன்சரில் நீலப்புகை தெரிந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஆயில். ஆயிலை முழுக்க வடித்து அளந்தபோது இருக்க வேண்டியதைவிடக் கால் லிட்டருக்கும் அதிகமாக இருந்தது. புது ஃபில்டர் போட்டு, ஏர் பாக்ஸைத் துடைத்து, சரியான அளவு ஊற்றியதும் வண்டி பழைய மாதிரி ஆகிவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று என்ஜினைப் பிரிக்கச் சொன்னவர்களும் உண்டு. பிரித்திருந்தால் நல்ல என்ஜினைக் காரணமில்லாமல் திறந்திருப்போம்.

அளவு கூடினால் ஏன் இப்படி ஆகிறது? பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 சுற்று. அந்த வேகத்தில் சுற்றுவது தேங்கி நிற்கும் ஆயிலைத் தொட்டால் மோர் கடைவது போல நுரை கிளம்பும். நுரையில் பாதி காற்று. ஆயில் பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்து இழுத்து அனுப்பும், பேரிங்குக்குப் போய்ச் சேரும் படலம் மெலியும். கூடவே கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் துளிகள் ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும். ஆக, ஆயில் கூடினாலும் கடைசியில் என்ஜினுக்கு ஆயில் பற்றாக்குறைதான் வருகிறது.

குச்சித் துளையோ, சில வண்டிகளில் குச்சிக்குப் பதிலாக வரும் லெவல் கண்ணாடியோ இடப்பக்கம் இருந்தால் பிழை தலைகீழாகும். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் என்ஜின்கள் பலவற்றில் லெவல் பார்க்கும் வட்டக் கண்ணாடி இடப்பக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியைச் சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் ஆயில் அந்தப் பக்கம் வந்து குவிந்து, குறைவாக இருப்பதுகூட நிறைவாகத் தெரியும். இரண்டு பிழைகளில் இதுதான் ஆபத்தானது.

‘அப்படியானால் எல்லா வண்டிக்கும் நிமிர்த்திப் பார்ப்பதுதான் விதியா?’ இல்லை. ஹார்லி-டேவிட்சன் வண்டிகள் பலவற்றின் மேனுவல், சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையிலேயே பார்க்கச் சொல்கிறது. அந்தக் கோடுகள் அந்தச் சாய்வுக்காகவே வரையப்பட்டவை. அதை நிமிர்த்திப் பார்த்தால் அதுதான் தப்பு. முன்பு சொன்னேனே, கோடு எந்த நிலைக்காக வரையப்பட்டதோ அந்த நிலை.

பெரும்பான்மை வண்டிகளுக்கு நிமிர்ந்த நிலை சரி. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் வேலை சுலபம். தரை சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் சரிவும் நடைபாதைச் சரிவும் கண்ணுக்குத் தெரியாது, குச்சிக்குத் தெரியும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிகளுக்கு மூன்று வழி உண்டு. ஒருவர் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றி நேராகப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்ப்பது முதல் வழி. எனக்கு இதுதான் பிடித்தது, தப்பு குறைவு. தனியாள் என்றால் வண்டியின் பக்கத்தில் நின்று நிமிர்த்திப் பிடித்து, மறு கையால் செல்போன் கேமராவைக் கண்ணாடிக்கு நேரே நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம். குச்சி வைத்த வண்டிக்கு இது சரிப்படாது. ஒரு கையால் குச்சியை இறக்கி எடுக்கும்போது வண்டி அசைந்து ஆயில் குச்சியில் ஏறிவிடும். மூன்றாவது, பின் சக்கரத்தை மட்டும் தூக்கும் பேடாக் ஸ்டாண்டு. இதில் பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழ்கிறது என்பதை மறக்க வேண்டாம். சங்கிலிக்கு ஆயில் விட அருமையான ஸ்டாண்டு. மேனுவல் அதில் வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒழிய லெவல் பார்க்க நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

குச்சியைத் திருக வேண்டுமா, சும்மா வைக்க வேண்டுமா?

இதில் இரண்டு கட்சி உண்டு, இருவரும் உறுதியாகப் பேசுவார்கள். ஹோண்டா, யமஹா நிறுவனங்களின் பல மாடல்களுக்கு மேனுவல் சொல்வது: துடைத்த குச்சியைத் துளையில் வைக்க வேண்டும், திருகக் கூடாது. மரையின் முதல் சுற்றில் மூடி உட்கார்ந்து நிற்க, அப்படியே எடுத்துப் பார்க்க வேண்டும். முழுக்கத் திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு.

வித்தியாசம் மரையின் உயரம் அளவுக்கு. அது சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கலாம். இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய அளவு.

எந்தக் கட்சி உங்கள் வண்டிக்குச் சரி என்று தெரியாத நிலையில், தப்பு எந்தப் பக்கம் போகும் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். திருகக் கூடாத வண்டியில் திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கும், அதிகமாக நனையும், ‘போதும்’ என்று காட்டும். உண்மையில் குறைவாக இருக்கும். திருக வேண்டிய வண்டியில் சும்மா வைத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் அதிகமாக ஊற்றுவீர்கள். இரண்டில் முதலாவது எனக்கு அதிகப் பயம் தருகிறது. கூடுதலாக ஊற்றியது புகையாகவோ ஏர் ஃபில்டரிலோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். குறைவு அப்படி எதையும் காட்டாது, சத்தம் வரும்போது காலம் கடந்திருக்கும்.

குச்சியை எடுத்ததும் படிக்காதீர்கள். முதலில் எடுப்பது துடைப்பதற்கு மட்டும். ஓடும்போது தெறித்த ஆயில் அதன் மேல் முழுக்கப் பூசியிருக்கும். பஞ்சு உதிராத துணியால் துடைத்து, நேராக இறக்கி, நேராக எடுத்து, குச்சியின் இரு பக்கமும் பார்த்து, எந்தப் பக்கம் குறைவோ அதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தெரிந்தால் துளையின் சுவரில் உரசியிருக்கிறது. புது ஆயில் தெளிவாக இருப்பதால் வெளிச்சத்தில் கோடு தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் குச்சியை மெதுவாக ஒற்றினால் ஈரம் எதுவரை என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

சூட்டிலா, குளிர்ந்த பிறகா?

சூட்டில் ஆயில் விரிகிறது, அதனால் லெவல் மாறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். விரிவது உண்மை. என்ஜின் ஆயில் ஒரு பாகை சூட்டுக்குச் சுமார் பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரியும். ஒரு லிட்டர் ஆயில் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குப் போனால் 40 மில்லி அளவுக்குக் கூடும். ஒதுக்கிவிட முடியாத அளவுதான், ஆனாலும் குச்சியில் நாம் பார்க்கும் பெரிய ஏற்ற இறக்கத்துக்கு இது மட்டும் காரணம் அல்ல. சூட்டில் ஆயில் கூடத்தானே வேண்டும்? ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் குறைவாக அல்லவா காட்டுகிறது!

காரணம், ஆயில் எங்கே இருக்கிறது என்பதுதான். என்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி கீழே தொட்டியில் இருப்பதில்லை. சிலிண்டர் ஹெட்டில் கேமைச் சுற்றி, கிளட்ச் தட்டுகளின் நடுவே, பாதைகளில், ஃபில்டரில், இருந்தால் ஆயில் கூலரில் என்று பரவிக் கிடக்கிறது. அணைத்த பிறகு அது வழிந்து கீழே வர நேரம் வேண்டும். சூடான ஆயில் நீர்த்திருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். குளிர்ந்த என்ஜினை ஒரு நிமிடம் ஓட விட்டு அணைத்தால், கெட்டியான ஆயில் மேலேயே ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இறங்காது. ஆகவே இருப்பதிலேயே மோசமான முறை அதுதான். முழுச் சூடும் இல்லை, முழு ஓய்வும் இல்லை.

ஹோண்டாவின் மேனுவல்கள் பலவற்றில் உள்ள வழிமுறை இதற்கு நல்ல உதாரணம்: என்ஜினை 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் ஓட விடு, அணை, 2 முதல் 3 நிமிடம் காத்திரு, பிறகு பார். இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் வேலை இருக்கிறது. ஓட விடுவது ஃபில்டரையும் பாதைகளையும் நிரப்ப, ஆயிலை நீர்க்கச் செய்ய. காத்திருப்பது மேலே இருப்பது இறங்க. இரண்டும் சேர்ந்துதான் கோடு.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது? அதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கும். ஆயில் முழுக்க இறங்கியிருக்கும், சூடும் சுற்றுப்புறச் சூடுதான். எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்ற குழப்பம் இல்லை. ஆனால் மேனுவல் சூட்டில் பார்க்கச் சொல்லியிருந்தால் காலை அளவைக் கோட்டோடு ஒப்பிடக் கூடாது. பாதைகளில் இருக்க வேண்டியதும் கீழே இறங்கிவிட்டதால் பெரும்பாலும் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பார்க்கக் காலை அளவு நல்லது. எவ்வளவு ஊற்றுவது என்று முடிவெடுக்க மேனுவல் முறைதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆயில் என்ஜினுக்கு அடியிலேயே தேங்கும் வண்டிகளுக்கு. இதற்கு வெட் சம்ப் என்று பெயர். இன்று ஓடும் பெரும்பான்மை வண்டிகள் இந்த வகைதான். டிரை சம்ப் வண்டிகளில் ஆயிலுக்குத் தனித் தொட்டி உண்டு. ஒரு பம்ப் தொட்டியிலிருந்து என்ஜினுக்கு அனுப்பும், இன்னொன்று என்ஜினுக்கு அடியில் விழுந்ததைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். யமஹா எஸ்ஆர் 400 வண்டியில் ஃபிரேமுக்குள்ளேயே அந்தத் தொட்டி இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் கிராங்க்கேஸோடு சேர்த்து வார்த்த அறை ஒன்று தொட்டியாக இருக்கும். இவற்றில் குச்சி பார்ப்பது தொட்டியைத்தான்.

இங்கே காலையில் பார்க்கும் பழக்கம் தலைகீழாகக் கடிக்கும். நாள்கணக்கில் நின்ற வண்டியில் தொட்டி ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் போய்விடும். தொட்டி காலி போலத் தெரியும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதைப் பார்த்துப் பதறி மேலே ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் கீழே கிடந்ததெல்லாம் தொட்டிக்குத் திரும்பி, தொட்டி நிரம்பி, பிரீதர் வழியாக வெளியே வழியும். எனவே டிரை சம்ப் வண்டியை ஓட்டிச் சூடாக்கிப் பார்ப்பதுதான் ஒரே நம்பகமான வழி. குளிர்ந்த நிலையில் பார்க்கும்போது மேல்கோடு வரை நிரப்பாதே என்று ஹார்லி-டேவிட்சன் தனியாக எச்சரிப்பதும் ஊற்றும் அளவைச் சூட்டில்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதற்காகத்தான். இத்தகைய பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் நாளே இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

குச்சியா, கண்ணாடியா?

இது நாம் தேர்ந்தெடுப்பது அல்ல, வண்டியோடு வருவது. ஆனால் இரண்டு வண்டிகளுக்கு நடுவே யோசிக்கும்போது இதையும் ஒரு பொருட்டாக நினைப்பவன் நான்.

கண்ணாடியின் பலம், எதையும் திறக்க வேண்டாம் என்பதுதான். தூசி உள்ளே போகாது, கை அழுக்காகாது, ஓ-ரிங் தேயாது. அதனாலேயே மனிதர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். ராயல் என்ஃபீல்டின் யுசிஇ என்ஜின் (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள வகை) வந்த பிறகு வலப்பக்கக் கவரில் உள்ள கண்ணாடியைப் பார்த்தே பலரும் பழகிவிட்டார்கள். திருகவா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே எழாது. அடிக்கடி பார்ப்பதுதான் லெவல் விஷயத்தில் பாதி வெற்றி என்பதால் என் ஓட்டு கண்ணாடிக்குத்தான்.

அதன் பலவீனம் வயதோடு வரும். உள்பக்கம் பழுப்பேறி, வெகுநாள் ஒரே மட்டத்தில் நின்ற ஆயிலின் கறை ஒரு பொய்க்கோடாகப் படிந்துவிடும். ஆயில் குறைந்தாலும் கறை அதே இடத்தில் நிற்கும். சந்தேகம் வந்தால் வண்டியை மெதுவாக இடமும் வலமும் ஒரு சாண் சாய்த்துப் பாருங்கள். கோடு நகர்ந்தால் ஆயில், நகராவிட்டால் கறை.

இன்னொரு சங்கடம், கண்ணாடி முழுக்க நிறைந்திருக்கும்போது வருவது. நிறைந்த கண்ணாடி, சரியாக நிறைந்ததா அளவுக்கு மீறி நிறைந்ததா என்று சொல்லாது. முழுக்கக் காலியாகத் தெரியும் கண்ணாடியும் அப்படித்தான். சில நேரம் தெளிந்த புது ஆயில் நிறைந்திருப்பதே காலி போலத் தோன்றும். இங்கேயும் சாய்த்துப் பார்ப்பதுதான் வழி. கண்ணாடி இருக்கும் பக்கத்துக்கு எதிராக இலேசாகச் சாய்த்ததுமே ஆயில் விளிம்பு இறங்கித் தெரிந்தால் மேல்கோட்டுக்குச் சற்றுத்தான் மேலே. வெகுதூரம் சாய்த்தும் விளிம்பு தெரியாவிட்டால் நிறையவே கூடுதல்.

கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாக நேரமில்லாமல் இப்படி வரும். அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாமல் இருந்தால், அதுவும் கூலன்ட் உள்ள வண்டியாக இருந்தால், கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

குச்சியின் பலம் அது தரும் கூடுதல் தகவல். ஆயிலைத் தொடலாம், முகரலாம், விரலில் தேய்த்துப் பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு: பக்கவாட்டில் ஒரு சின்ன போல்ட், அதைக் கழற்றினால் ஆயில் விளிம்பு வரை வந்து மெல்லக் கசிய வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கியர் ஆயிலுக்கும் மண்பாதை வண்டிகள் சிலவற்றுக்கும் இது பொதுவானது. துல்லியமான முறைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் போல்ட்டும் வாஷரும் தேயும் என்பதால் வாராவாரம் செய்ய ஏற்றதல்ல.

மேனுவல் கையில் இல்லாவிட்டால்

பழைய வண்டி வாங்கியவர்களின் நிலை இது. என் யோசனை: குச்சியிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரு முறை நீங்களே குச்சிக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பழைய ஆயிலைச் சூட்டோடு முழுக்க வடியுங்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது பல என்ஜின்களின் மூடிக்குப் பக்கத்திலேயே பொறித்திருக்கும். அங்கே இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஒரே என்ஜினுக்கு மூன்று அளவு சொல்லியிருப்பார்கள். வெறும் ஆயில் மாற்றத்துக்கு ஒன்று, ஃபில்டரும் மாற்றினால் ஒன்று, முழு என்ஜினையும் பிரித்துச் சேர்த்தால் ஒன்று. மூன்றாவதுதான் பெரியது. வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்குவதால், சாதாரண மாற்றத்துக்கு அந்த மூன்றாவது அளவை ஊற்றினால் கூடிவிடும். என்ஜினில் பொறித்த எண் இவற்றில் எது என்பதைப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரியான அளவை அளவுக் குவளையில் அளந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, மூன்று நிமிடம் காத்திருந்து, நிமிர்த்தி வைத்துத் திருகாமல் ஒரு முறை, திருகி ஒரு முறை பாருங்கள். இரண்டில் எது மேல்கோட்டை ஒட்டி வருகிறதோ, உங்கள் வண்டியின் கோடு அந்த முறைக்காக வரையப்பட்டது. மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையிலும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் குழப்பம் இல்லை.

குறைவாக இருந்தால் ஊற்றுவதா, மாற்றுவதா?

கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஓட்டாதீர்கள், முதலில் ஊற்றுங்கள். மாற்றும் காலம் நெருங்கிவிட்டால் மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் டாப்-அப் போதும். 50 மில்லி ஊற்றுங்கள், நிமிடம் ஒன்று பொறுங்கள், பாருங்கள். மேல்கோட்டைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் பாதியில் நின்றால் அருமை. கெட்டித்தன்மை எண் மேனுவல் சொன்னதாகவே இருக்கட்டும். கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டிகளுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை அவசரத்துக்கு ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

கூடிவிட்டால், நீளக் குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்சால் துளை வழியே உறிஞ்சி எடுப்பது டிரெயின் போல்ட்டைத் தளர்த்துவதைவிடச் சுத்தம், அளவும் தெரியும்.

நீங்கள் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் அது வேறு கதை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், கார்புரேட்டர் வண்டியில் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நீர்த்துப்போன அந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கசிவைச் சரிசெய்து, ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். இதில் டாப்-அப், உறிஞ்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: தினமும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை, நெடும்பயணத்துக்கு முதல் நாள் ஒரு முறை, ஆயில் மாற்றிய மறுநாள் ஒரு முறை. வயதான, காற்றால் குளிரும் என்ஜின் என்றால் வேகமாகப் போகும் நெடும்பயணத்தில் ஒவ்வொரு நாள் காலையும். பார்த்த அளவையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் செல்போனில் ஒரு வரி எழுதிவிடுவேன். குச்சி என்றால் படமும் எடுத்துவிடுவேன். போன முறை பார்த்ததிலிருந்து ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு கோட்டளவு இறங்கியிருந்தால் அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் ‘ஆயில் குடிக்கிறது’ என்று வெறுமனே சொல்ல வேண்டியதில்லை, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி என்று சொல்லலாம்.